திறந்த சமையலறையில் தாளிக்கும் நெடி ஹாலுக்கு வந்தால்

சுவர் எழுப்ப வேண்டாம். சிம்னி ஓடியும் தாளிக்கிற நெடி சோபா வரை வருகிறது என்றால், முதலில் ஹால் மின்விசிறியைச் சந்தேகப்படுங்கள். சிம்னி இழுப்பதற்குள் அந்தக் காற்று புகையைப் பக்கவாட்டில் கலைத்துவிடும்.

அடுப்பை அணைத்துவிட்டு, சிம்னியைப் போட்டு, பர்னருக்கு மேலே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். விசிறி ஓடும்போது ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை. நிறுத்தியதும் புகை நேரே மேலே போகிறதா? சரி, சமைக்கும்போது அடுப்புப் பக்கத்து விசிறியை மட்டும் நிறுத்தினால் போதும்.

அப்போதும் சாய்ந்தால் உயரத்தை அளந்து பாருங்கள். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையில் 65 முதல் 75 செ.மீ. வரை இருக்கலாம், மேலே போனால் இழுவை குறையும்.

ஒன்று மட்டும்: வெளியே போகும் குழாய் இல்லாத, கரி வடிகட்டி சிம்னி என்றால் இதெல்லாம் பாதிதான் பலிக்கும். மிளகாய் வறுக்கிற வீட்டுக்கு அது தோதுப்படாது.