மாடிப்படியில் மூச்சு வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 39. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் படுத்தால் போதும் என்றிருக்கிறது. வார நாட்களில் உடற்பயிற்சி நின்றே போய்விட்டது, சனி ஞாயிறில் மட்டும் நடக்கிறேன். இணையத்தில் தேடினால் அட்ரீனல் சோர்வு, தைராய்டு, புற்றுநோய் என்று என்னென்னவோ வருகிறது. நானே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மாதவிலக்கிலும் ரத்தப்போக்கு அதிகம். நான் சோம்பேறியா, நோயாளியா?

பதில்: சோம்பேறியாக இருந்தால் சனி ஞாயிறிலும் நடந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். என்னை நிறுத்தியது அவைதான். முன்பு சாதாரணமாக ஏறிய படிக்கட்டு இப்போது மூச்சு வாங்க வைக்கிறது, கூடவே ரத்தப்போக்கும் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தசோகை. வேலைக் களைப்புக்கு ஒரு குணம் உண்டு: எழுந்து பத்து நிமிடம் நடந்தால் அது கொஞ்சம் விலகும். நாள் முழுக்க உழைத்தது மூளைதான், கால்கள் சும்மாதான் இருந்தன. நடக்க நடக்கக் கூடும் சோர்வு வேறு வகை. அதை மன உறுதியால் வெல்லப் பார்க்கக் கூடாது.

அதனால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை என்கிறோம். ஆனால் அது இறங்குவதற்கு முன்பே உடலில் இரும்புச் சேமிப்பு தீர்ந்து போயிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். தைராய்டு, சர்க்கரை, ஒரு ஈசிஜி, இவற்றையும் அப்போதே முடித்துவிடலாம். நாப்கினை மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா என்று தயங்காமல் சொல்லுங்கள். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தாலும் இப்படி ஆகும்.

அந்த மாத்திரை விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்காமல் இரும்புச்சத்தை விழுங்குவது, ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், காரணம் உள்ளேயே மறைந்திருக்கும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகும் என்பதால், குடலில் ரத்தம் கசிந்தால்கூட மாத்திரைதான் காரணம் என்று விட்டுவிடுவோம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் வரை நிறுத்தி வையுங்கள். எத்தனை நாள், எந்த அளவில் சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

அட்ரீனல் சோர்வு என்று மருத்துவத்தில் ஒரு நோயே கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் பொடிகளையும் வாங்காதீர்கள். புற்றுநோய் பயத்தையும் தூக்கிப் போடுங்கள். நீங்கள் எழுதியதற்கெல்லாம் சாதாரணமான, சரிசெய்யக்கூடிய காரணமே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. படி ஏறும்போது நெஞ்சை அழுத்துவது போலிருந்தாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, மயக்கம் வந்தாலோ அன்றைக்கே, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, உடற்பயிற்சி. காரணம் தெரியும் வரை மூச்சு வாங்காத அளவுக்கு மெதுவாக நடந்தால் போதும். அப்புறம் கூட்டலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. அதைத் தினமும் சமமாகப் பங்கு போட வேண்டியதில்லை, ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும். சனி ஞாயிறில் நீங்கள் நடந்தது வீணும் இல்லை. வார நாட்களில் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்த பிறகு எழுந்திருப்பது யாருக்குமே கஷ்டம். உட்காருவதற்கு முன்பே பத்து நிமிடம் நடந்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் முடியவில்லை என்றால் மனசாட்சி உறுத்தாமல் போய்ப் படுங்கள்.

ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவிட்டு, அதிகாலையில் அலாரம் வைத்து எழுந்து ஓடும் யோசனை மட்டும் வேண்டாம். உங்களுக்கு இப்போது அந்தத் தூக்கம்தான் அவசியம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், எவ்வளவு வேகத்தில் நடையைக் கூட்டலாம் என்று சொல்கிறேன்.