ஸ்பீக்கர் சந்தேகங்கள்: பத்துக்குப் பத்து அறை, 5000 வாட்ஸ் பெட்டி, அதிரும் பீரோ

'எந்த மாடல் வாங்கலாம் சார்?' என்றுதான் கடிதங்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன. மாடல் பெயர் சொன்னால் அடுத்த தீபாவளிக்குள் அது கடையில் இருக்காது. அதனால் எங்கே வைப்பது, எப்படி இணைப்பது என்பவற்றுக்கே இந்த முறை அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் காசு செலவில்லாத வேலை. வித்தியாசம் காதில் விழுவதும் அதில்தான்.

ஹாலில் டிவி இருக்கிறது. 30 ஆயிரத்துக்குள் முடிக்க வேண்டும். சவுண்ட்பாரா, 5.1 செட்டா, ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கருமா? (தாம்பரம் வாசகர்)

உங்கள் ஹாலில் அதிக நேரம் ஓடுவது எது? சீரியல், செய்தி, ஞாயிற்றுக்கிழமை சினிமா என்றால் சவுண்ட்பார் போதும். தட்டை டிவிகளின் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்சுவரைப் பார்த்தோ இருப்பதால்தான் வசனம் புரியாமல் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறோம். 3.1 என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த மூன்றில் நடுவில் இருப்பது வசனத்துக்கானது. புள்ளிக்குப் பின்னால் வரும் 1, பேஸ் என்கிற கீழ்ச்சுருதிக்கான தனிப் பெட்டி, சப்வூஃபர்.

பாட்டுதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம்: இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு சின்ன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். சரியாக வைத்தால் பாடகர் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரும். முதன்முறை கேட்பவர்கள் எழுந்து போய் டிவியின் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

5.1 செட் இந்த விலையில் வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்தும் கையளவுப் பெட்டிகளாகத்தான் வரும். பின்னால் இருக்க வேண்டிய இரண்டும் வயர் எட்டாமல், கடைசியில் டிவிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

கடையில் '5000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று ஒரு பெட்டி, 'ஆர்எம்எஸ் 40 வாட்ஸ்' என்று ஒரு பெட்டி. முதலாவது விலையும் குறைவு. எதை எடுக்க? (விருதுநகர்)

பிஎம்பிஓ என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அதை எப்படி அளக்க வேண்டும் என்று ஒரு பொது விதி இல்லை; கம்பெனி இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். பெட்டியைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று பாருங்கள். 60 வாட் என்று இருக்கும். 60 வாட் எடுத்துக்கொண்டு 5000 வாட் எப்படித் தரும் என்று கடைக்காரரிடமே கேளுங்கள், நல்ல பொழுதுபோக்கு.

ஆர்எம்எஸ் என்பது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அந்த எண்ணை நம்பலாம், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. பக்கத்தில் 'சென்சிடிவிட்டி' என்று 85, 87, 90 டெசிபெல் போல ஒன்று இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் என்பதுதான் அது. 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையர் சக்தி இரட்டிப்பாக வேண்டும். அதாவது 90 டெசிபெல் ஸ்பீக்கரை 20 வாட்டில் ஓட்டினால் வரும் சத்தத்துக்கு, 87 ஸ்பீக்கருக்கு 40 வாட் வேண்டும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபையரிலிருந்து போவது ஒன்றிரண்டு வாட்தான். மிச்சமெல்லாம் தவில் தனி ஆவர்த்தனத்தில் ஒரு நொடி உச்சத்துக்குப் போகுமே, அதற்கான கையிருப்பு.

பெட்ரூம் சரியாக 10-க்கு 10 அடி. சப்வூஃபர் வைத்த புதிதில் மூலையில் நின்றால் 'டும் டும்' என்று நெஞ்சில் அடிக்கிறது. அறை நடுவில் கட்டிலில் உட்கார்ந்தால் பேஸே இல்லை. சப்வூஃபர் பழுதா? (வேளச்சேரி வாசகி)

பழுதில்லை அம்மா. உங்கள் அறை அப்படி. இந்தப் பிரச்சினை நம் ஊர் வீடுகள் பலவற்றில் இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 10 அடி, அதாவது 3.05 மீட்டர். இந்த இடைவெளியில் ஓர் அலையின் பாதி சரியாகப் பொருந்துவது 56 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 56 அதிர்வில். அந்தச் சுருதி வந்ததும் அலை சுவருக்குச் சுவர் மோதி, போகாமல் அங்கேயே நிற்கும். சுவரோரம் சத்தம் ஏறிப் போகும்; அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான்.

நீளமும் அகலமும் வேறு வேறாக இருந்தால் இந்தத் தொல்லை இரண்டு சுருதிகளுக்குப் பிரிந்து போகும். உங்களுக்கு இரண்டும் 10. கூரையும் 10 அடி என்றால் மூன்றும் சேர்ந்து அதே 56 ஹெர்ட்ஸில் வந்து அடிக்கும். பேஸ் கிட்டாரின் 'ஏ' கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியைத் தொடும் இடமெல்லாம் பூதாகாரமாகவும், அடுத்தடுத்த ஸ்வரங்கள் சோகையாகவும் கேட்கும். பரண் இருக்கிறதா? இருந்தால் நல்லது, கூரைக் கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிடும்.

செய்ய வேண்டியது: முதலில் கட்டிலை நகர்த்துங்கள். உங்கள் தலை அறை நடுவிலும் வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம். ஒரு சுவரிலிருந்து மூன்றரை, நான்கு அடியில் இருக்கட்டும். அடுத்தது சப்வூஃபர். அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே, கட்டில் மேலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் விடாமல் நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். பிறகு சப்வூஃபர் தரையில் இருக்கப்போகும் உயரத்தில் உங்கள் காது இருக்க வேண்டும். ஒரு மூலையில் குதிக்கும், கொஞ்சம் தள்ளினால் காணாமல் போகும், எங்கோ ஓரிடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவாக வரும். அந்த இடத்துக்குச் சப்வூஃபரைக் கொண்டுபோங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெரிய ஸ்டுடியோவிலும் இப்படித் தவழ்பவர்கள் உண்டு.

மூலை மட்டும் வேண்டாம். 'மூலையில் வைத்தால் பேஸ் அதிகம்' என்று கடையில் சொல்வது உண்மைதான், ஆனால் அதிகமாவது பெரும்பாலும் அந்த 56 ஹெர்ட்ஸ்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு 'கிர்ர்' வந்தால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்காதீர்கள். அறையில் இரும்பு பீரோ இருக்கும். பாட்டு ஓடும்போதே அதன் கதவை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் கதவு இடுக்கில் மடித்த துணி வைத்தால் தீர்ந்தது. அதற்கும் நிற்காவிட்டால் பீரோ மேல் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்களை இறக்குங்கள்.

டைல்ஸ் தரை, வெள்ளையடித்த சுவர், புது வீடு. எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் குகைக்குள் கேட்பது போல் இருக்கிறது. முட்டை அட்டை ஒட்டலாமா? (ஈரோடு)

வேண்டாம். முட்டை அட்டை கொஞ்சம் மேல்சுருதியை விழுங்கும், அவ்வளவுதான். தீப்பிடிக்கும், கரப்பான் வரும்.

அறை நடுவில் நின்று பலமாக ஒரு தரம் கை தட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று வால் நீண்டால் எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. ஒரு சுவருக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரை, எதிரே புத்தக அலமாரி, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் தடித்த ஜமுக்காளம். பவானி உங்களுக்குப் பக்கம்தானே! பிறகு மறுபடி தட்டிப் பாருங்கள். பாய் விரித்தால் போதுமா என்று கேட்பீர்கள். கோரைப் பாய் மெல்லியது, பெரிதாக உதவாது.

இன்னும் செய்ய மனமிருந்தால் 2 அங்குல ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகையைச் சட்டம் அடித்து, துணி சுற்றி, பக்கச் சுவர்களில் மாட்டலாம். இடம் கண்டுபிடிக்க ஒருவர் சுவரோரம் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் அது.

ஸ்பீக்கர்களை ஷோகேஸ் மேல், ஆறரை அடி உயரத்தில் வைத்திருக்கிறோம். குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்பதற்காக. தவறா? (கும்பகோணம்)

குழந்தை இருக்கும் வரை அங்கேயே இருக்கட்டும். ஆனால் பெட்டியைத் தலைகீழாக வையுங்கள். ட்வீட்டர், அதாவது மேல்சுருதி வரும் சின்ன வட்டம், கீழே வரும். பெட்டியின் பின்புறத்துக்கு அடியில் ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நழுவாமல் கட்டிவிடுங்கள்.

பிற்பாடு இறக்கும்போது ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்காருபவருக்குச் சுமார் மூன்றேகால் அடி. சம்மணம் போட்டுத் தரையில் உட்காரும் வீடென்றால் இரண்டரை அடிக்குள். கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் சோபாவுக்காகச் செய்தவை. தரையில் உட்கார்ந்து கேட்பவர்கள் தச்சரிடம் சொல்லிக் குட்டையாகச் செய்துகொள்ளலாம். இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவை ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கு அதே தூரம் இருக்கட்டும்.

ஸ்பீக்கர் வயர் மீட்டர் 800 ரூபாய் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா? (திருப்பூர்)

எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் வாங்குங்கள், ஐஎஸ்ஐ முத்திரையோடு. 5 மீட்டர் தூரத்துக்குப் போகவர அதன் மின்தடை 0.12 ஓம் அளவில்தான் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மலிவாக 'ஸ்பீக்கர் வயர்' என்று விற்பதில் அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசியது நிறைய. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வயரை விட முக்கியம், பிளஸ் மைனஸ் மாறாமல் இணைப்பது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பேஸ் செத்துவிடும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வயர் ஒரே நிறமாக இருந்து குழம்பினால், ஆம்ப்ளிஃபையர் பக்கம் இரண்டு முனையையும் கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன், அதாவது ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு, முன்னால் குதித்தால் பேட்டரியின் பிளஸைத் தொட்ட முனைதான் பிளஸ். உள்ளே இழுத்தால் மைனஸ். இரண்டு ஸ்பீக்கரிலும் பார்த்துக் கயிறோ டேப்போ சுற்றி அடையாளம் வையுங்கள்.

ஆம்ப்ளிஃபையரை செட்டாப் பாக்ஸோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்று இரைகிறது. பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று மெக்கானிக் சொன்னார். (நாகர்கோவில்)

எடுக்கவே கூடாது. இரைச்சல் நிற்கலாம், ஆனால் உள்ளே கசிவு வந்த அன்றைக்கு ஆம்ப்ளிஃபையரின் இரும்பு உடம்பைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். ஏற்கெனவே எடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

இரைவது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். கேபிள்காரர் கொண்டுவரும் வட்ட வயர் ஓரிடத்தில் எர்த் ஆகிறது, உங்கள் வீட்டு பிளக் வேறிடத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி, அதில் கரண்டின் இரைச்சல் சுற்றுகிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் வயரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் வயர் போட்டுவிடுங்கள். அதில் போவது வெளிச்சம், செம்புத் தொடர்பே இல்லாததால் வளையம் அறுந்துவிடும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இராது.

ஆப்டிகலா, எச்டிஎம்ஐ ஆர்க்கா? அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கியிருக்கிறேன். (கோவை)

உங்களுக்கு எச்டிஎம்ஐ ஆர்க், அதாவது டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வயர் வழியாகவே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி. அதன் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் இருந்தால் அது. ஓடிடி படங்களில் வரும் அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருவது போல் கேட்கவைக்கும் டால்பி முறை, ஆப்டிகல் வழியாகப் போகாது. ஸ்டீரியோவும் பழைய டால்பி 5.1-உம் போவதோடு சரி. டிவியின் பின்னால் 'ஆர்க்' என்று எழுதிய ஓட்டையிலேயே சொருக வேண்டும்.

அப்பா 1990-களில் வாங்கிய பெரிய ஸ்பீக்கர்கள். இப்போது கரகரவென்று கேட்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா? (திருவொற்றியூர்)

போடாதீர்கள். முன்வலையைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் வளையம் என்றால் கையோடு பொடியாக வரும். கடலோர ஈரக் காற்றில் 15, 20 ஆண்டுக்கு மேல் அது தாங்காது. ரப்பர் வளையம் நீண்ட நாள் உழைக்கும்.

பிறகு கோனின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து, நேராக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் கோனை ஆட்டும் கம்பிச் சுருளான 'காயில்' நன்றாக இருக்கிறது, வளையம் மட்டும் மாற்றினால் போதும். உரசினால் கோனோடு காயிலும் மாற்ற வேண்டும். இரண்டையும் செய்து தருபவர்கள் சென்னை ரிச்சி தெருவில் இருக்கிறார்கள். மேல்சுருதி மங்கியிருந்தால் உள்ளேயுள்ள நான்-போலார் கெபாசிட்டர்களையும் அதே கையோடு மாற்றச் சொல்லுங்கள், மலிவுதான். மரப்பெட்டியை மட்டும் கரையான் தொட்டிருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்த்துவிடுங்கள். பெட்டி போயிருந்தால் மற்ற செலவு வீண்.

கீழ் வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வருகிறார். சத்தம் குறைவாகத்தான் வைக்கிறேன். (அண்ணா நகர்)

உங்களுக்குக் குறைவாக இருக்கும். பேஸ் காற்றில் போவது போதாதென்று தளத்தின் வழியாகவும் இறங்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. சட்டமும் அவர் பக்கம்தான்.

சப்வூஃபர் அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். அதிர்வு தளத்துக்கு இறங்குவது குறையும், காற்றில் போவது குறையாது. அதனால் இரவு 10 மணிக்கு மேல் சப்வூஃபர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கரை மட்டும் வைத்துக் கேளுங்கள். ஒருநாள் அவரையே மேலே கூப்பிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் அவர் வீட்டு ஹாலில் போய் நின்று கேளுங்கள். சப்வூஃபர் குமிழை எந்தப் புள்ளியில் நிறுத்துவது என்று இருவருமாகப் பேசி, அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவிடலாம்.