கண்ணை மூடினாலே எண்ணங்கள் கொட்டுகின்றன, தியானம் எனக்கு ஒத்துவராதா?

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ‘மனதைக் காலியாக்குங்கள்’ என்று யாரோ சொன்னதை நம்பிக் கண்ணை மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைக் கைபேசி வழியாக அவ்வப்போது விசாரித்தபோது, சுமார் 47 சதவீத நேரம் அவர்கள் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான். உங்களுக்கு மட்டும் ஏன் ஒத்துவராமல் போகப்போகிறது?

எனக்கு இது அறிமுகமானது அலுவலகத்தில் நடந்த ஒரு பயிலரங்கில். பத்மாசனம் கட்டாயம் என்றார் பயிற்சியாளர். நாற்காலி கேட்டேன், ‘அதில் உட்கார்ந்தால் சக்தி மேலேறாது’ என்றார். ஏறியதெல்லாம் மரமரப்புதான், அதுவும் முழங்கால்வரை. மன அழுத்தம் குறைய என்று அந்த வகுப்பை வைத்த அதே நிர்வாகம், அதே வாரம் சனிக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னது. வேலையைக் குறைத்திருந்தால் பயிலரங்கே தேவைப்பட்டிருக்காது. சரி, அது வேறு கதை.

அப்புறம் வீட்டில் நாற்காலியிலேயே உட்கார ஆரம்பித்தேன். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பத்துவரை. எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. ஒருநாள் மூன்றிலேயே மேலாளரோடு சண்டை தொடங்கிவிட்டது, மனதுக்குள்தான். நல்ல நல்ல பதிலாக அடுக்கிக்கொண்டிருந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தாடையைத் தளர்த்திவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அலைவதும், அலைந்ததைக் கவனிப்பதும், திரும்புவதும்தான் பயிற்சி. உங்களுக்கு எண்ணங்கள் கொட்டுவது தெரிகிறது என்றால் பாதி வேலை நடந்துகொண்டிருக்கிறது.

குரு இல்லாமல் தியானமா, நாற்காலியில் தியானமா என்று கேட்பவர்களுக்கு: நான் முக்திக்கு வழி சொல்லவில்லை, தொடக்கப் பாடம் மட்டும் சொல்கிறேன். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்பவர் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சியில், படுத்துக்கொண்டே உடலைக் கால்விரலிலிருந்து தலைவரை கவனிப்பதும் உண்டு. அவர்கள் படுக்கலாம், நான் உட்காரக் கூடாதா?

முதலில் ஐந்து நிமிடம் போதும். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்துகொள்ளுங்கள். மூச்சைக் கவனிக்கக் கவனிக்கப் படபடப்பு கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் மூச்சை விட்டுவிட்டு, தரையில் பதிந்திருக்கும் பாதங்களைக் கவனியுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் எழுந்துவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். தொடர்ந்து அப்படியே இருந்தால் மருத்துவரிடம் பேசுவது நல்லது.