ஐந்து தளம், ஒரே தீம்: ஐந்து முறை திருத்தாதீர்கள்

கேள்வி: ஐந்து பள்ளிகளின் வேர்ட்பிரஸ் தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்திலும் ஒரே தீமின் நகல். நிறமும் முகப்பும் மட்டும் வேறு. ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற நான்கிலும் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. ஹோஸ்டிங் எடுத்துக் கொடுத்தவர், எல்லாவற்றையும் மல்டிசைட்டாக, அதாவது ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் ஓடும் அமைப்பாக, மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். மல்டிசைட்டில் ஐந்து பள்ளிக்கும் ஒரே டேட்டாபேஸ். நாளை ஒரு பள்ளி தன் தளத்தைத் தனியாகக் கேட்டால், பிரித்துக் கொடுப்பது பெரிய வேலை. அதற்கும் அவரிடமே காசு கட்டுவீர்கள். உங்களுக்குத் தேவை சைல்டு தீம்: தாய்த் தீம் ஒன்றைச் சார்ந்து ஓடும், மாற்றங்கள் மட்டும் உள்ள சின்னத் தீம். அதற்குச் செலவே இல்லை.

பொதுவான நிரல் முழுவதும் தாய்த் தீமில் இருக்கட்டும். ஐந்து தளத்திலும் அதில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. பள்ளிக்குப் பள்ளி மாறுவது மட்டும் சைல்டு தீமில். அதன் ஸ்டைல் கோப்பின் மேற்பகுதியில் ‘டெம்ப்ளேட்’ என்று ஒரு வரி வரும். அங்கே தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரைப் போட வேண்டும், தீமின் பெயரை அல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இது. விண்டோஸ் கணினி பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பேதம் பார்க்காது. லினக்ஸ் சர்வர் பார்க்கும். வீட்டில் ஓடிய தீம், சர்வரில் ஏறியதும் தாய்த் தீமைக் காணோம் என்று நின்றுவிடும்.

தளத்தின் மேற்பகுதியைக் காட்டும் ஹெட்டர் கோப்பை முழுசாகச் சைல்டுக்குள் நகலெடுக்காதீர்கள். ஒரே கோப்பு இரண்டிலும் இருந்தால் சைல்டில் உள்ளதுதான் ஓடும். தாயில் செய்யும் ஹெட்டர் திருத்தம் அதன் பிறகு அந்தத் தளத்துக்கு வராது. தீமின் செயல்பாடுகளை எழுதும் ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் வேறு மாதிரி: இரண்டுமே ஓடும், சைல்டு முதலில். ஒரே பெயரில் இரண்டிலும் ஃபங்ஷன் இருந்தால் தளம் படுத்துவிடலாம்.

சைல்டை ஆக்டிவேட் செய்ததும் லோகோ, கஸ்டமைசரில் (தோற்றத்தை மாற்றும் பக்கம்) வைத்த நிறங்கள், அங்கே எழுதிய தோற்றக் கட்டளைகளான ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ எல்லாம் காணாமல் போனதுபோல் தெரியும். பதறாதீர்கள். வேர்ட்பிரஸ் இவற்றைத் தீமின் ஃபோல்டர் பெயரோடு சேர்த்து டேட்டாபேஸில் வைக்கிறது. பழைய தீமுக்குத் திரும்பினால் அப்படியே இருக்கும். மாற்றும் முன் சிஎஸ்எஸை ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள், நிறங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து தளத்திலும் ஒரு முறை மறுபடி வைக்கத்தான் வேண்டும்.

தாய்த் தீமின் ஃபோல்டர் பெயர் வேர்ட்பிரஸ் தீம் கிடங்கில் உள்ள ஏதாவதொரு தீமின் பெயரோடு ஒத்துப்போனால், அப்டேட் என்ற பெயரில் யாருடைய தீமோ உங்களுடையதன் மேல் ஏறிவிடும். இதைத் தடுக்க ஸ்டைல் கோப்பில் போடும் ‘அப்டேட் யூஆர்ஐ’ வரி தீம்களுக்கு 2022இல், 6.1 பதிப்பில்தான் வந்தது. இவ்வளவு அடிப்படையான பாதுகாப்புக்கு இத்தனை வருடம் காக்க வைத்திருக்கக் கூடாது.

கடைசியாக, “விலையுள்ள தீம், எத்தனை தளத்திலும் போடலாம்” என்று சில நூறு ரூபாய்க்கு ஜிப் கோப்பு விற்பவர்களிடம் போகாதீர்கள். யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் பகிர்வது குற்றமில்லையே என்பார்கள். உரிமம் அல்ல, உள்ளே இருப்பதுதான் பிரச்சினை. டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் இப்படிப்பட்ட ஜிப்களில்தான் பரவியது. தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒளிந்துகொண்டு, அதே ஹோஸ்டிங்கில் இருக்கும் மற்ற தளங்களுக்கும் தாவும். உங்கள் ஐந்தும் ஒரே கணக்கில் இருந்தால், ஒன்றைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் மற்றொன்றிலிருந்து திரும்பி வந்துவிடும்.