எல்லோரும் ‘நன்றாகப் புரிந்தது’ என்றே எழுதுகிறார்கள்!

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 38 பிள்ளைகள். பாடம் முடிந்ததும் ‘இன்று என்ன கற்றாய்?’ என்று எழுதச் சொன்னால் எல்லோரும் ‘நன்றாகப் புரிந்தது’ என்றே எழுதுகிறார்கள். தேர்வு வைத்தால்தான் குட்டு வெளிப்படுகிறது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு போன். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
– ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஒரு போன் தாராளம், டீச்சர். பிள்ளைகள் அப்படி எழுதுவது நம் மனம் கோணக்கூடாது என்றுதான். எழுத வேண்டாம், பேசச் சொல்லுங்கள்.

போனிலுள்ள குரல் பதிவு போதும். ஒரு நாளைக்கு நாலைந்து பேர். ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், ‘இதை எப்படிப் போட்டாய், சொல்லு’ என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தான். நோட்டில் பார்த்தால் வெறும் தப்பு. பதிவில், “மேல இருக்கிறதை மேல கூட்டினேன், கீழ இருக்கிறதைக் கீழ கூட்டினேன் மிஸ்” என்றான். எங்கே இடறினான் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. காகிதத்தில் தோசை வெட்டிப் பின்னத்தைத் திரும்ப நடத்தினேன். இரண்டு வாரம் கழித்து அதே பதிவை அவனிடமே போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, “பாதி தோசையோட இன்னும் சேர்த்தா எப்படி மிஸ் பாதியை விடக் குறையும்?” என்றான். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

மொத்த வகுப்பையும் ஒரே மூச்சில் பார்க்க ‘பிளிக்கர்ஸ்’ செயலி இருக்கிறது. ஆளுக்கொரு எண் போட்ட அட்டை. நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. தன் விடை மேலே வரும்படி பிள்ளை பிடிக்க, நீங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு, எழுத்தும் பொடி. பக்கத்தில் பார்த்துப் போட முடியாது. ஜெராக்ஸ் கடையில் எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். பளபளவென்று லேமினேஷன் வேண்டாம், கண்ணாடிபோல் மின்னி கேமரா படிக்காது.

இதற்கெல்லாம் மதிப்பெண் போடாதீர்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் செய்த வேலை பற்றிய குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எண்ணைப் பார்த்தால் பிள்ளை அதோடு நின்றுவிடும்.

அப்புறம் ஒன்று. பாராட்டுவதற்காகத்தான், ஒரு பிள்ளையின் பதிவைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதன்பின் ஒரு மாதம் அவள் போன் முன்னால் வாயே திறக்கவில்லை. பதிவு உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும் இருக்கட்டும். ஆண்டு முடிந்ததும் அழித்துவிடுங்கள். அழிப்பதாக முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.