கைதட்டலுக்கு விட்ட இடம்

வணக்கம் சார்,

போன மாதம் என் மகள் படிக்கும் பள்ளியில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகம் போட்டார்கள். ஏழு பிள்ளைகளில் ஒருத்தியாக, பிரிகிட்டாவாக அவள் நடித்தாள். அந்தப் படத்தைச் சின்ன வயதிலிருந்து பத்துப் பதினைந்து தடவை பார்த்தவன் நான். நாடகத்தில் எல்லாமே மாறிக் கிடந்தது. இடி இடிக்கும் ராத்திரியில் பிள்ளைகளுக்காகப் பாட வேண்டிய 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் மரியாவும் அவள் இருந்த மடத்தின் தலைவியும் ஓர் அறையில் நின்று பாடுகிறார்கள். படத்தில் இல்லாத இரண்டு பாட்டுகள் வேறு. "ஏன் மேடம் மாற்றினீர்கள்?" என்று டீச்சரிடம் கேட்டேன். "நாங்கள் எங்கே மாற்றினோம், படம்தான் மாற்றியது" என்று சிரித்துவிட்டார்.

ஜனங்களுக்குப் பிடித்து நன்றாக ஓடிய நாடகத்தை அப்படியே படம் பிடித்தால் போதாதா? எதற்கு இவ்வளவு கலைத்துப் போட வேண்டும்? நம் சினிமாவில் ஆரம்பத்திலிருந்தே பாட்டு இருக்கிறது, அதற்கு யாரும் இப்படி மெனக்கெட்டதாகத் தெரியவில்லையே.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டீச்சர் சொன்னதுதான் சரி. நாடகம் 1959இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் மேடையேறியது, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாட்டு. ராபர்ட் வைஸ் இயக்கிய படம் 1965இல்தான் வந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் படத்தை முதலில் பார்த்துவிட்டதால் நாடகம் நமக்கு நகல் மாதிரித் தெரிகிறது. உங்கள் மகளுக்கு இது தலைகீழாக இருக்கும்.

அப்படியே படம் பிடித்தால் போதாதா என்று கேட்டீர்களே, அதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் என் மாமனார் ஊரில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் உண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்வரை போகும். ஒரு வருஷம் நாரதராக வந்தவர் நல்ல பாட்டுக்காரர். உச்சத்தில் ஒரு அடியைப் பிடித்து நிறுத்திவிட்டு, தூக்கிய கையை இறக்காமல் கூட்டத்தைப் பார்த்தார். விசில், கைதட்டல், பின்னாலிருந்து ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக நடந்து வந்து ஐம்பது ரூபாய்த் தாளை அவர் மேல் குத்திவிட்டுப் போனார். ஹார்மோனியக்காரர் அதுவரைக்கும் ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சத்தம் அடங்கியதும் நாரதர் விட்ட இடத்திலிருந்து எடுத்தார் பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது. மச்சினன் அதை முழுசாகச் செல்போனில் பிடித்திருந்தான், ஸ்டாண்டெல்லாம் போட்டு, ஒழுங்காகத்தான் எடுத்திருந்தான். மறுநாள் மத்தியானம் டிவியில் போட்டுப் பார்த்தோம். அந்த இடம் வந்தது. ஓர் ஆள் பாட்டை நிறுத்திவிட்டு கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கிறார், எங்கேயோ தூரத்தில் சலசலப்பு கேட்கிறது. மாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, படம் நின்னுருச்சா?" என்றார்.

பிராட்வே பாட்டுக்கும் இதே சிக்கல்தான். கைதட்டலை வாங்குவதற்கென்றே கடைசி அடியை அழுத்தி முடிப்பார்கள், நடிகர் அந்த நிலையிலேயே நிற்பார், சத்தம் ஓய்ந்த பிறகுதான் அடுத்த வசனம். சினிமாவில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். ஓட்டையைக்கூட கத்தரியால் சரி பண்ணிவிடலாம். ஆனால் மேடையில் பாடுகிறவர் நம்மைப் பார்த்துப் பாடுகிறார், நாமும் எதிரே இருக்கிறோம், அதனால் அறையில் ஒருத்தர் தனியாகப் பாடுவது நமக்கு விநோதமாகப் படுவதில்லை. சினிமாவில் எதிரே இருப்பது கேமரா. ஆகவே படம் எடுக்கிறவர் பாட்டுப் பாட்டாக எடுத்துவைத்து 'இதை இப்போது யார் கேட்கிறார்கள்' என்று தேட வேண்டியிருக்கிறது. நாடகத்தைப் படமாக்கும் வேலையில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்களைக் குழப்பிய பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடகத்தில் மரியாவும் மடத்துத் தலைவியும் ஆளுக்குப் பாதியாக அதைப் பகிர்ந்து பாடுகிறார்கள், மடத்துத் தலைவிக்கு அது சின்ன வயதில் கேட்ட பாட்டு. இரண்டு நல்ல குரல்கள், கேட்க நாம், போதும். திரைக்கதை எழுதிய எர்னஸ்ட் லேமன் அதைப் பெயர்த்து இடி இடிக்கும் ராத்திரியில் வைத்தார். நாடகத்தில் அந்த இடத்தில் இருந்த ஆடு மேய்க்கிறவன் பாட்டைத் தூக்கி பொம்மலாட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். இப்போது பிடித்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பாட்டுக்கு ஒரு காரணம் வந்துவிட்டது, பயந்துபோய் கட்டிலில் வந்து விழுந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். 'டோ-ரே-மி' பாட்டும் அப்படித்தான். மேடையில் வீட்டுக்குள்ளேயே, வந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்து முடிகிற பாடம் அது. படத்தில் புல்வெளியில் ஆரம்பித்து சால்ஸ்பர்க் ஊர் முழுக்கச் சுற்றி மிராபெல் தோட்டத்துப் படிக்கட்டில் முடிகிறது. சுரம் தெரியாத பிள்ளைகள் பாட்டு முடிவதற்குள் பாடகர் குழுவாகி, மரியாவுக்கும் நெருக்கமாகிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'எடெல்வைஸ்' விஷயம். (அது ஆஸ்திரிய நாட்டுப்பாடல் என்று இன்னமும் பல பேர் நம்புகிறார்கள். இந்த நாடகத்துக்காக எழுதியது, ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாட்டு.) நாடகத்தில் பிள்ளைகளின் அப்பாவான கேப்டன் அதை முடிவுக்குப் பக்கத்தில், திருவிழா மேடையில் மட்டும்தான் பாடுகிறார். அந்த நேரத்தில் அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாமே சால்ஸ்பர்க் கூட்டமாகிவிடுகிறோம். நாஜிகள் பிடித்துவிட்ட நாட்டில், ஓர் ஆள் தன் ஊருக்கு விடை சொல்லிப் பாடுகிறார், நம்மைப் பார்த்து. இந்த அனுபவத்தைப் படத்தால் தர முடியாது. அதனால் படம் வேறு வழி பிடித்தது. முதல் பாதியிலேயே வீட்டு ஹாலில் கிதாரை எடுத்துப் பிள்ளைகளுக்காக ஒருமுறை பாட வைத்துவிட்டார்கள். அப்புறம் திருவிழாவில், பாறையைக் குடைந்த அந்தப் பழைய அரங்கில், அதே பாட்டில் அவர் குரல் அடைக்கிறபோது நமக்கு அந்த ஹால் ஞாபகம் வருகிறது, கூட்டம் சேர்ந்து பாடுகிறது. நாம் இருந்த இடத்தில் துணை நடிகர்களை உட்கார வைத்து, நமக்கு ஒரு ஞாபகத்தைக் கொடுத்து ஈடுகட்டிவிட்டார்கள்.

ஈடுகட்டாத இடமும் இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்தக் கூடுதல் பாட்டுகள் இரண்டும் கேப்டனின் நண்பர் மாக்ஸும், கேப்டன் கல்யாணம் செய்துகொள்ள இருந்த எல்சா சீமாட்டியும் பாடுபவையாகத்தான் இருக்கும். இரண்டாவது பாட்டில், வருவதை யாராலும் தடுக்க முடியாது, வளைந்து போய்விடுங்கள் என்று கேப்டனுக்கு உபதேசம் செய்கிறார்கள். நாடகத்தில் கேப்டனும் எல்சாவும் பிரிவது அந்த அரசியலால்தான். படம் இரண்டு பாட்டையும் வெட்டியதில் எல்சாவுக்கு ஒரு பாட்டுகூட மிஞ்சவில்லை, பிரிவுக்கும் மரியா மட்டுமே காரணமாகிவிட்டாள். படம் இனிப்பாகிப் போனதற்கு இந்த வெட்டும் ஒரு காரணம். புதிதாகச் சேர்த்த இரண்டு பாட்டுகளை, ஹாமர்ஸ்டைன் 1960இலேயே இறந்துவிட்டதால், ராட்ஜர்ஸே வரிகளும் எழுதி முடித்தார். அவை சுமார்தான்.

கேட்பவர் யார் என்ற கேள்விக்கு மிகத் துணிச்சலான பதில் 'காபரே'. 1966 நாடகத்தில் பாத்திரங்கள் வீட்டிலும் பாடுவார்கள், இரவு விடுதியிலும் பாடுவார்கள். பாப் ஃபாஸி 1972இல் படமெடுத்தபோது விடுதிக்கு வெளியே பாடுகிற பாட்டுகளை ஏறக்குறைய மொத்தமாகத் தூக்கிவிட்டார். வயதான ஜோடி ஒன்றின் காதல் கதையே அதோடு போயிற்று. விடுதி மேடையில் மட்டும்தான் பாட்டு, கேட்க அங்கே குடித்துக்கொண்டிருக்கும் கூட்டம். வெளியே முழுசாக விட்டுவைத்த ஒரே பாட்டு, வெயிலில் ஒரு தோட்டத்து மதுக்கடையில் ஓர் இளைஞன் பாடுவது. முதலில் முகம் மட்டும், அழகான குரல், கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது, கையில் ஸ்வஸ்திகா பட்டை. ஒவ்வொருத்தராக எழுந்து கூடச் சேர்ந்து பாடுகிறார்கள், ஒரு கிழவர் மட்டும் உட்கார்ந்தே இருக்கிறார். கேட்பவர்களைக் காட்டியே பயமுறுத்தும் பாட்டு அது. 'சிகாகோ' (2002) பாட்டுகளையெல்லாம் கதாநாயகியின் தலைக்குள் ஓடும் மேடைக்கு அனுப்பிவிட்டது, அது கெட்டிக்காரத்தனம். 2012இல் வந்த 'லே மிசராப்ல்' நடிகர்களை செட்டிலேயே நேரடியாகப் பாட வைத்து, முகத்துக்கு மிக அருகில் போய் நின்றது. ஆன் ஹாத்வேக்கு அது பிரமாதமாகப் பொருந்தியது. அதையே படம் முழுக்கச் செய்ததில் எனக்குக் கழுத்து வலித்தது.

சரி, நம்ம ஊர். நம் பேசும்படமே சங்கீத நாடகத்திலிருந்து வந்ததுதான். பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் பேர் வாங்கிய 'பவளக்கொடி' 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமானது, 50 பாட்டு. பின்னணி பாடும் முறை வராத காலம், நடிகர்தான் கேமரா முன்னால் பாட வேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் கண்ணில் படாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். கிட்டத்தட்ட நீங்கள் கேட்டபடியேதான், 'அப்படியே படம் பிடித்தார்கள்'. ஓடவும் ஓடியது. அன்றைக்கு டெண்டுக் கொட்டகை ஜனங்களும் நாடகத்துக்கு வந்தவர்கள் மாதிரியேதான் உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அதற்கப்புறம் நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டோம். கனவு வரும், ஊட்டி வரும், யார் கேட்டால் என்ன. அதனால்தான் நம் தியேட்டரில் பாட்டு வந்தால் டீ குடிக்க வெளியே போய்விட்டு வர முடிகிறது, திரும்பி வந்தால் கதை நின்ற இடத்திலேயே நிற்கும். 'டோ-ரே-மி' ஓடும்போது வெளியே போனவன் திரும்பி வந்து, "இந்தப் பிள்ளைகள் எப்போது இவளோடு ஒட்டிக்கொண்டார்கள்?" என்று பக்கத்து சீட்டைக் கேட்க வேண்டியிருக்கும். மெனக்கெடாததைக் குறையாகச் சொல்லவில்லை, நம் பாட்டுக்கு வேலையே வேறு.

'காபரே' பாருங்கள், ஆனால் மகள் தூங்கின பிறகு. அவளிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? பாட்டு முடிந்து நீங்களெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தபோது, சத்தம் ஓயும்வரை எங்கே பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லி டீச்சர் பழக்கியிருந்தார்?