ராஜாளி கூண்டுக்கு தரையும் வடிகாலும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கூண்டு கட்டுறவங்க கூரை, வலை, கதவுன்னு எல்லாத்தையும் யோசிச்சுட்டு தரைய கடைசில விட்டுடுறாங்க, அப்புறம் பறவை சீக்கு வந்து நிக்கும்போது ஓடி வர்றாங்க. அதனால இன்னைக்கு தரை, வடிகால் மட்டும்.

கேள்வி: காங்கிரீட்டா, கூழாங்கல்லா? எது பெஸ்ட் அண்ணே?

அத நீங்க முடிவு பண்ணாதீங்க, உங்க மண்ணு முடிவு பண்ணட்டும். கூண்டு வரப்போற எடத்துல ஒரு அடி ஆழத்துக்கு குழி தோண்டி தண்ணி ஊத்துங்க, அது இறங்கினதும் மறுபடி நிரப்புங்க. சில மணி நேரத்துல வத்திடுச்சுன்னா கூழாங்கல் போடலாம். மறுநாள் காலைலயும் தண்ணி நின்னா அது களிமண்ணு, அது மேல கல்லு கொட்டினா அது தரை இல்ல, கல்லு போட்ட குட்டை. மேல பாக்க சுத்தமா இருக்கும், கீழ எச்சமும் குளிச்ச தண்ணியும் ஊறி நாறிட்டு கிடக்கும். அந்த மாதிரி எடத்துக்கு காங்கிரீட் போட்டு தண்ணிய வெளிய கொண்டு போயிடுங்க.

கூழாங்கல்னா பட்டாணி சைஸ்ல, உருண்டையா. ஒடச்ச ஜல்லி வேண்டாம், முனை காலை குத்தும். அடில எலி வராம சின்ன கண்ணு இரும்பு வலை, அது மேல மண்ணு ஏறாம தண்ணி மட்டும் போற ஜியோடெக்ஸ்டைல் துணி, அது மேல 4லேர்ந்து 6 இஞ்சு கல்லு.

கேள்வி: காங்கிரீட்டுக்கு வாட்டம் எவ்வளவு?

அடிக்கு கால் இஞ்சு. 10 அடி ரூமுக்கு ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் ரெண்டரை இஞ்சு வித்தியாசம் வரணும். கொத்தனார் "வாட்டம் குடுத்தாச்சு"ன்னு சொல்லுவாரு, நம்பாதீங்க, காஞ்சப்புறம் ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தி நின்னு பாருங்க, எங்கயாவது தட்டு அளவுக்கு தேங்கினா அவர் இருக்கும்போதே சரி பண்ண சொல்லுங்க. குளிக்கிற தட்ட வடிகால் பக்கமா வைங்க. வடிகால் வாய்ல, வெளிய எடுத்து கழுவுற மாதிரி ஒரு சல்லடை கூடை கட்டாயம். ராஜாளி கக்குற முடி, எறகு உருண்டை பைப்புல போனா அடைச்சுக்கும், அனுபவத்துல சொல்றேன்.

இன்னொன்னு, வேட்டைப்பறவைல ஃபால்கன், ஹாக்னு ரெண்டு வகை இருக்கு. ஃபால்கன் எச்சம் ஏறக்குறைய நேர கீழ விழும். ஹாக் அப்படி இல்ல, பின்னாடி பீச்சியடிக்கும், செவுரு பூரா வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடும். அதனால ஹாக் வெச்சிருக்கவங்க செவுத்துலயும் கழுவுற மாதிரி பூச்சு பூசி, செவுரும் தரையும் சேர்ற மூலைய வளைச்சு விடுங்க.

கேள்வி: மரத்தூள் போட்டா ஈரம் உறிஞ்சுமே?

உறிஞ்சும், அதான் பிரச்சனை. ஈரமான மரத்தூள், வைக்கோல், பட்டை எல்லாம் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு விருந்து. அந்த பூஞ்சையோட வித்துத் தூள் மூச்சுல போய் நுரையீரல்லயும் காத்துப்பையிலயும் வேர் விடும். வெளிய தெரியும்போது பெரும்பாலும் லேட் ஆயிருக்கும். ஃபால்கன்ல ஜிர்ஃபால்கன், ஹாக்ல கோஸ்ஹாக், ரெண்டும் இதுல ரொம்ப மென்மை. வேண்டாம்.

கேள்வி: ஆனா மணல்? பாலைவன நாட்டுல காலங்காலமா மணல்ல தானே வெச்சிருக்காங்க!

அங்க காத்தே காஞ்சு கிடக்கு, வெயில் மணல வறுக்குது. நிழல் விழுற மூடின ரூம்ல அதே மணல கொட்டினா காயவே காயாது. அதோட பொடி மணல் ஈரமான கறில ஒட்டி வயித்துக்குள்ள போகும்.

அதே நண்பர்: நான் சொன்னது கழுவின கரடு மணல், பொடி இல்ல. அது நல்லா வடியும்.

சரி, அது நியாயம். ஆரம்பத்துல நல்லாவே வடியும். ஆனா எச்சத்துல இருக்குற வெள்ளை யூரேட் சுண்ணாம்பு மாதிரி காஞ்சு மணல் இடுக்க அடைச்சுடும், மேல ஓடு மாதிரி கட்டிக்கும். வாராவாரம் மேல் மணல வாரி மாத்த தயாரா இருந்தா போடுங்க.

இன்னொருத்தர்: அப்ப கூழாங்கல்லும் அடைக்கத்தானே செய்யும்?

அடைக்கும். ஆனா இடுக்கு பெருசு, ஹோஸ் போட்டு அடிச்சா கீழ இறங்கும். அப்பவும் என்னைக்காவது ஒரு நாள் மொத்தத்தையும் வாரி கழுவித்தான் ஆகணும், அதுல இடுப்பு போயிடும். நானே அதனாலதான் என் ஹாக் கூண்ட காங்கிரீட்டுக்கு மாத்தினேன்.

மணல் நண்பர்: பாத்தீங்களா, கடைசில நீங்களும் கூழாங்கல்ல விட்டுட்டீங்க!

ஒத்துக்கிறேன் சாமி. ஆனா மணலுக்கு வரலையே.

கேள்வி: காங்கிரீட்டுல பாதப்புண் வராதா?

இத நெறைய பேர் கேக்குறீங்க. பறவை பெரும்பாலான நேரம் தரைல இல்ல, பெர்ச்சுல, அதாவது உக்கார்ற கட்டைல தான். பம்பிள்ஃபுட்னு சொல்ற இந்த பாதப்புண்ணுக்கு முதல்ல பெர்ச்ச பாருங்க: வழவழன்னு, ஒரே தடிமன்ல இருந்தா எடை ஒரே எடத்துல அழுத்தும். அதுக்கப்புறம் பறவை குண்டா இருக்கான்னு பாருங்க. கட்டி வெச்ச பறவை துள்ளி துள்ளி கீழ விழும்ங்கிறதால பெர்ச்ச சுத்தி மட்டும் கழட்டி கழுவுற ரப்பர் மேட் போடலாம். வாலு தரைல உரசாத உயரம் வேணும், காங்கிரீட் எறகு நுனிய அரம் மாதிரி தேச்சுடும்.

கேள்வி: செயற்கை புல்லு?

பெர்ச்சு மேல ஓகே. தரை பூரா வேண்டாம், அடில எச்சம் தங்கும்.

கேள்வி: ப்ளீச் ஊத்தி கழுவலாமா?

பறவைய வெளிய எடுத்துட்டு, முதல்ல தண்ணி அடிச்சு அழுக்க எடுங்க, அழுக்கு மேல ஊத்தினா ப்ளீச் வேலை செய்யாது. ஆசிட், அம்மோனியா கூட கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். நல்லா அலசி, காஞ்சப்புறம் தான் பறவை உள்ள.

கேள்வி: கீழ விழுந்த பருந்து குஞ்சு ஒன்னு எடுத்து வெச்சிருக்கேன், அதுக்கு என்ன தரை?

தரை இல்ல தம்பி, உடனே வனத்துறைக்கு போன் பண்ணுங்க. அனுமதி இல்லாம வெச்சிருக்கக் கூடாது.

கேள்வி: என் பறவை வாய தொறந்து மூச்சு விடுது, தரை மாத்தினா சரியாகுமா?

டாக்டர்ட்ட போங்க. இன்னைக்கே. தரைய அப்புறம் பாக்கலாம்.

கேள்வி: மரச்சீவல நல்லா வெயில்ல காயவெச்சு போட்டா?

மேல மரத்தூளுக்கு சொன்னத திரும்ப படிங்க.

கேள்வி: அப்ப காஞ்ச இலை?

அதுவும் மரத்துல இருந்து விழுந்ததுதானே அண்ணே.